நார், புரி, கயிறு: காசிமேட்டுக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில் எங்களுக்கு ஒரு கயிற்றுக் கடை. தாத்தா கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். அப்பா கடலுக்குப் போகாமல் கடை வைத்தார். இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். படகுக்காரர்கள் வந்தால் "பன்னெண்டு எம்எம், ஒரு சுருள்" என்று வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கேள்வி கேட்பவர்கள் வேறு ஆட்கள்: மாடித் தோட்டம் போடுகிறவர், ஊஞ்சல் கட்டப்போகிறவர், பள்ளிக்கூட புராஜெக்ட்டுக்கு வரும் பிள்ளைகள், அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாக்கள். கேட்டதையே எல்லாரும் கேட்பதால் எழுதி வைத்துவிட்டேன்.

தேங்காய் நார் ஒரு சாண் நீளம்தான் இருக்கிறது. அதிலிருந்து நூறடிக் கயிறு எப்படி வருகிறது? உள்ளே ஒட்டியிருக்கிறார்களா?

ஒட்டவில்லை. முடிச்சும் கிடையாது. தேங்காய் நாரின் நீளம் 10 முதல் 30 சென்டிமீட்டர் வரை. ஒரு நார் முடிவதற்கு முன்பே பக்கத்தில் இன்னொன்று தொடங்கியிருக்கும்படி வரிசை தப்பி வைத்து முறுக்குகிறார்கள். முறுக்கியதும் நார்கள் ஒன்றையொன்று சுற்றி நெருக்கிக்கொள்கின்றன. கயிற்றை இழுத்தால் அந்த நெருக்கம் இன்னும் கூடுகிறது. இழுக்க இழுக்க உராய்வு கூடுவதால் நார் நழுவ வழியில்லை.

இது நம்ப முடியாத விஷயமாகத் தெரிந்தால் துறைமுகத்தில் போய்ப் பாருங்கள். கரையில் ஊன்றிய இரும்புக் குற்றியில் கயிற்றை இரண்டு மூன்று சுற்று சுற்றிவிட்டு, மிச்ச முனையை ஒரே கையில் பிடித்தபடி பெரிய விசைப்படகை நிறுத்தி வைப்பார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் பிடி மடங்கு மடங்காக ஏறும். கயிற்றுக்குள்ளே ஒவ்வொரு நாரும் பக்கத்து நாரைச் சுற்றி அதே வேலையைத்தான் செய்கிறது.

சரி, முறுக்கிவிட்டால் மட்டும் போதுமா? கையை விட்டதும் பிரிந்துவிடாதா?

பிரிந்துவிடும். கயிற்றின் ரகசியமே இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒரே பக்கமாக முறுக்கிய எதுவும் திரும்பப் பிரியத்தான் பார்க்கும். அந்தப் பிரியும் ஆசையை அடக்க முடியாது, ஆனால் திருப்பிவிடலாம். வலப்பக்கமாக முறுக்கிய மூன்று இழைகளைச் சேர்த்து இடப்பக்கமாக முறுக்கினால் என்ன ஆகும்? ஒவ்வோர் இழையும் பிரிவதற்காக இடப்பக்கம் திரும்பப் பார்க்கும். ஆனால் அது இடப்பக்கம் திரும்பினால் மொத்தக் கயிறு இன்னும் இறுகும். மொத்தக் கயிறு பிரிய வேண்டுமானால் வலப்பக்கம் திரும்ப வேண்டும், அதனால் இழைகள் இறுகும். இரண்டு பேரும் எதிரெதிராகத் தள்ளிக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கிறார்கள். கயிறு சும்மா கிடப்பதுபோல இருக்கும், உள்ளே மல்யுத்தம் நடந்துகொண்டே இருக்கும்.

கடைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் வாயால் சொல்வதில்லை, செய்து காட்டிவிடுவேன். இரண்டு முழம் சணல் நூலை எடுத்து ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். மறுமுனையை இழுத்துப் பிடித்து, நூல் இறுகும் பக்கமாக முறுக்கிக்கொண்டே போங்கள். விரலுக்கு அடங்காமல் திமிர ஆரம்பித்ததும் நடுவில் ஒரு விரலை வைத்து மடித்து, இரண்டு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு நடுவை விட்டுவிடுங்கள். நூல் தானாகவே சுழன்று இரட்டைப் புரிக் கயிறாகிவிடும். யாரும் முறுக்கவில்லை, பிரியப் பார்த்த நூலே முறுக்கிக்கொண்டது. இதைப் பார்த்து ஒரு குழந்தைகூட "இன்னொரு தபா" என்று கேட்காமல் போனதில்லை.

புரி என்றால் என்ன? பிரி, இழை, வடம் எல்லாம் ஒன்றுதானா?

நாரை முறுக்கினால் இழை. இழைகள் பலவற்றைச் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்கினால் புரி. புரிகளைச் சேர்த்து மறுபடி எதிர்ப்பக்கம் முறுக்கினால் கயிறு. கயிறுகளையே சேர்த்துப் பெரிதாக்கினால் வடம். ஒவ்வொரு படியிலும் முறுக்கு திசை மாறும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். பேச்சில் புரியைப் பிரி என்கிறோம், வைக்கோல் பிரி என்பதுபோல.

சொல் மிகப் பழையது. சங்கப் புலவர் ஒருவருக்குச் சொந்தப் பெயரே தெரியாது. இரண்டு யானைகள் எதிரெதிராகப் பற்றி இழுக்கும் தேய்ந்த கயிற்றை உவமையாகப் பாடியதால் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்ற பெயரே நின்றுவிட்டது. கயிறு அறுவதற்கு முன் புரி தேயும் என்பதைக் கவனித்த மனிதர். எங்கள் கடையில் வேலைக்குச் சேர்த்திருப்பேன்.

ஏன் எப்போதும் மூன்று புரி?

எப்போதும் இல்லை. தேங்காய் நார்க் கயிற்றில் மெல்லியது பெரும்பாலும் இரண்டு புரிதான். ஆனால் பாரம் தாங்கும் கயிற்றுக்கு மூன்று வசதி. மூன்று விரலைச் சேர்த்துக் குவித்துப் பாருங்கள், ஒவ்வொன்றும் மற்ற இரண்டையும் தொடும், நடுவில் பொந்து விழாது. நான்கு என்றால் நடுவில் ஓட்டை வரும், அதை நிரப்ப உள்ளே தனியாக ஒரு மெல்லிய கயிறு விட வேண்டும். இரண்டு என்றால் உருண்டையாக வராது, கப்பியில் தட்டித் தட்டி ஓடும்.

கயிற்றில் வலம்புரி, இடம்புரி உண்டாமே?

உண்டு. கயிற்றைச் செங்குத்தாகப் பிடியுங்கள். புரிகள் இடது கீழிலிருந்து வலது மேல்பக்கமாக ஏறினால் அது வலப்பக்க முறுக்கு. கடைகளில் கிடைக்கும் மூன்று புரிக் கயிறு பெரும்பாலும் இதுதான். சங்கில் எது வலம், எது இடம் என்று பூசாரியும் விலங்கியல்காரரும் இன்னும் ஒத்துப்போகவில்லை. கயிற்றில் அந்தத் தகராறு இல்லை.

மெஷின் வருவதற்கு முன் நீளக் கயிறு எப்படித் திரித்தார்கள்?

முதலில் நாரைச் சிக்கெடுத்து ஒரே திசையில் படிய வைக்க வேண்டும். சோம்பல்பட்டு இதை விட்டால் பின்னால் எவ்வளவு முறுக்கினாலும் கயிறு மேடும் பள்ளமுமாகத்தான் வரும். அப்புறம் இழை திரிப்பது. ஒருவர் ராட்டையைச் சுற்றுவார். திரிப்பவர் நாரை மடியில் கட்டிக்கொண்டு, அதிலிருந்து விரலால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டபடி பின்னோக்கி நடப்பார். அவர் நடக்கிற தூரம்தான் இழையின் நீளம். திரும்பிப் பார்க்காமல் பின்னால் நடந்தே வாழ்நாளைக் கழித்த தொழிலாளிகள் உலகம் முழுக்க இருந்திருக்கிறார்கள்.

அதனால்தான் கயிறு திரிக்க நீளமான இடம் வேண்டும். இங்கிலாந்தில் சாத்தம் கப்பல் கட்டும் தளத்தில் இதற்கென்றே 346 மீட்டர் நீளத்துக்கு ஒரே கட்டடம் கட்டி வைத்திருக்கிறார்கள், இன்றைக்கும் அங்கே கயிறு திரிக்கிறார்கள். நம் பக்கம் அவ்வளவு ஆடம்பரம் இல்லை. தோப்பின் நிழலும் தெருவோரமும் போதும்.

கடைசிக் கட்டம் புரிகளைச் சேர்ப்பது. ஒரு முனையில் மூன்று கொக்கிகள், ஒவ்வொன்றிலும் ஒரு புரி. மறுமுனையில் ஒரே கொக்கி, மூன்று புரியும் அதில் மாட்டியிருக்கும். நடுவில் கூம்பு வடிவ மரக்கட்டை, அதன் பக்கங்களில் மூன்று பள்ளம். புரிகள் அந்தப் பள்ளங்களில் தனித்தனியாக ஓடும். மூன்று கொக்கிகளும் ஒரு பக்கம் சுற்ற, ஒற்றைக் கொக்கி எதிர்ப்பக்கம் சுற்றும். கட்டையின் கூர்முனைப் பக்கம் புரிகள் ஒன்று சேர்ந்து கயிறாகும்போது, அந்த முறுக்கே கட்டையை மெல்லத் தள்ளிக்கொண்டு போகும். கட்டையைப் பிடித்திருப்பவரின் கைதான் கயிற்றின் தரம். அவசரப்பட்டு விட்டுவிட்டால் தொளதொளவென்று வரும், அழுத்திப் பிடித்தால் கம்பிபோல விறைத்துப்போகும். விறைத்த கயிறு சீக்கிரம் தேயாது, ஆனால் பலம் கொஞ்சம் குறைவு. தளர்ந்தது பலமாக இருக்கும், ஆனால் சீக்கிரம் பிசிறும். எது வேண்டும் என்பது வேலையைப் பொறுத்தது.

ஒற்றைக் கொக்கி ஒரே இடத்தில் நிற்காது என்பதையும் சொல்ல வேண்டும். முறுக்க முறுக்க நீளம் குறைவதால் அது சறுக்குக் கட்டையில் முன்னால் வந்துகொண்டே இருக்கும். இழையின் நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறுக்கிலேயே போய்விடும். ஒன்பதடி வைத்தால் ஆறடி கிடைக்கும்.

வீட்டில் பிள்ளைகளோடு செய்து பார்க்கலாமா?

தாராளமாக. சணல் நூல் போதும். பழைய பருத்தி வேட்டியை நீள நீளமாகக் கிழித்தால் இன்னும் நன்றாக வரும். ஐந்து பேர் வேண்டும். மூன்று நீளத் துண்டுகளின் ஒரு முனையைச் சேர்த்து ஒரு கரண்டிக் காம்பில் கட்டி ஒருவர் கையில் கொடுங்கள். மற்ற மூவரும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து, இழுத்த நிலையிலேயே எல்லாரும் ஒரே திசையில் முறுக்க வேண்டும். நூல் ஏற்கெனவே முறுக்கியதாக இருந்தால் அது இறுகும் திசையில். துண்டுகள் சுருண்டு மடங்கப் பார்க்கும்போது மூவரும் முறுக்கை விடாமல் நெருங்கி வந்து நிற்க, கரண்டிக்காரர் எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். மூன்று துண்டும் சேரும் இடத்தில் ஐந்தாவது ஆள் விரல்களை இடையில் விட்டுக்கொண்டு மெல்ல நகர்த்தினால் மேலே சொன்ன கூம்புக் கட்டையின் வேலை முடிந்தது.

யாராவது ஒருவர் மட்டும் தவறான திசையில் முறுக்கியிருந்தால் கயிறு உடனே காட்டிக்கொடுத்துவிடும். யார் என்று சண்டை போட வேண்டியதில்லை, பிரிந்து நிற்கும் புரியைப் பார்த்தாலே தெரியும்.

இதை முதலில் கண்டுபிடித்தது யார்?

யார் முதல் என்று தெரியாது. ஆனால் இதுவரை கிடைத்ததில் மிகப் பழைய துண்டைத் திரித்தது நம் இனமே இல்லை என்று சொன்னால் நம்புவீர்களா? பிரான்சில் அப்ரி டு மரா என்ற பாறைக் குடையில் கிடைத்த ஒரு கல் கருவியில் 6 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு ஒட்டியிருந்தது. மரப்பட்டையின் உள் நாரில் திரித்தது, மூன்று புரி. ஒவ்வொரு புரியும் ஒரு பக்கமும் மொத்தமும் எதிர்ப்பக்கமுமாக முறுக்கப்பட்டிருந்தது. வயது 41,000 முதல் 52,000 ஆண்டுகளுக்குள். அங்கே அப்போது வாழ்ந்தவர்கள் நியாண்டர்தால் மனிதர்கள். 2020இல் இந்த ஆய்வு வெளியானது. நான் விற்கும் கயிறும் அதே மூன்று புரி, அதே எதிர்முறுக்கு.

தேங்காய் நார்க் கயிற்றுக்குப் பலம் குறைவு என்கிறார்கள். அப்புறம் ஏன் கடலில் அதைப் பயன்படுத்தினார்கள்?

பலம் குறைவுதான், மணிலா கயிற்றின் (அபாகா என்ற வாழை இன நாரில் திரித்தது) பக்கத்தில் வைத்தால் பாவமாக இருக்கும். ஆனால் உப்புத் தண்ணீர் அதை எளிதில் அழிக்காது. மரத்துக்குக் கெட்டித்தன்மை தரும் லிக்னின் என்ற பொருள் இந்த நாரில் மிக அதிகம், அதனால் சீக்கிரம் மக்காது. மட்டையை உப்பங்கழியில் மாதக்கணக்காக ஊறப்போட்டுத்தான் கேரளத்தில் பழைய முறையில் நாரையே பிரிப்பார்கள். சதை அழுகிப்போகும், நார் நிற்கும். தவிர, இது மிதக்கும், அறுவதற்கு முன் நன்றாக இழுபடும். அலை தூக்கிப் போடும் இடத்தில் விறைப்பான பலத்தைவிட இந்த இழுபடும் குணம் பெரிது.

இந்த ஊரே அதற்குச் சாட்சி. மெட்ராசில் துறைமுகம் கட்டுவதற்கு முன் கப்பல்கள் கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். இன்றைய ராஜாஜி சாலைக் கரைக்கு ஆட்களையும் சரக்கையும் கொண்டுவந்தது மசூலா படகு. அதில் ஓர் ஆணி கிடையாது. பலகைகளில் துளை போட்டு, இணைப்பின் மேல் நாரோ வைக்கோலோ திணித்து, தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த வெள்ளைக்காரர் படகு நம் கரையில் அலை அடித்துத் தரையில் மோதும்போது விட்டுப்போகும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும். தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும், இறைக்க ஓர் ஆள் இருப்பான்.

கட்டுமரத்துக்குப் பெயரிலேயே கயிறு இருக்கிறது. மரத்தைக் கட்டினால் கட்டுமரம். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப்போடுவார்கள், இல்லாவிட்டால் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். மறுநாள் திரும்பக் கட்ட வேண்டும். தினமும் அவிழ்த்துக் கட்டுகிறவனுக்குத்தான் கயிறு தெரியும் என்பார் தாத்தா. 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கம் ஃபைபர் போட்டுகளே நிறைந்துவிட்டன.

ஆங்கிலத்தில் காயர் என்கிறார்களே, அது நம் கயிறுதானா?

ஆமாம். மலையாளக் கயர் வழியாகப் போனது. கயரும் கயிறும் ஒரே வேர்.

திருவொற்றியூர்த் தேர் வடம்போல அவ்வளவு தடிமனை எப்படித் திரிக்கிறார்கள்?

முறை இதேதான், ஆட்கள்தான் அதிகம். தேர் வடத்துக்குச் சிவகங்கைச் சீமையில் சிங்கம்புணரி பேர்போன ஊர். மெல்லிய நார்க் கயிறுகள் பலவற்றைச் சேர்த்து, தடிப் புரிகளாக்கி, அவற்றைத் திரும்ப முறுக்குவார்கள். மாசித் திருவிழாவில் வடம் பிடித்தவர்களுக்கு அது உள்ளங்கையில் எப்படி இருக்கும் என்று தெரியும். சொரசொரப்பு குறையில்லை, அதனால்தான் வியர்த்த கையிலும் வழுக்காது.

நைலான் கயிறு கேட்டால் பச்சையும் நீலமுமாக எதையோ தருகிறார்கள். அது நைலானா?

பெரும்பாலும் இல்லை. பிளாஸ்டிக்கில் எதைத் திரித்தாலும் ஜனங்கள் நைலான் கயிறு என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பளபளப்பான வண்ணக் கயிறு அநேகமாக பாலிபுரொப்பிலீன். நானே ஏமாந்திருக்கிறேன். ஒரு மொத்த வியாபாரியிடம் நைலான் விலை கொடுத்து நாற்பது கிலோ வாங்கி வந்து, அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர் ஒன்றும் பேசாமல் ஒரு முழம் அறுத்து வாளித் தண்ணீரில் போட்டார். மிதந்தது. நைலான் மூழ்கும், பாலிபுரொப்பிலீன் மிதக்கும். அன்றிலிருந்து கடையில் ஒரு வாளி எப்போதும் இருக்கிறது.

மிதப்பது குறை இல்லை. மிதவைக் கயிறு, வலைக் கயிறு என்றால் அதுதான் வேண்டும். ஆனால் வெயில் அதற்கு எமன். மொட்டை மாடியில் துணிக்கொடியாகக் கட்டி இரண்டு கோடை போனால் தொட்டால் தூளாகக் கொட்டும்.

எவ்வளவு எடை தாங்கும்?

12 எம்எம் புதுக் கயிறு அறுபடும் அளவு, தோராயமாக: மணிலா 1,000 கிலோவுக்குச் சற்று மேல், பாலிபுரொப்பிலீன் 2,000 கிலோ, நைலான் 3,000 கிலோ. இது அறுபடும் அளவு, தூக்கும் அளவு இல்லை. பத்தில் ஒரு பங்குக்கு மேல் நான் யாருக்கும் சொல்வதில்லை. குறுக்களவு இரட்டிப்பானால் பலம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஆள் தொங்குகிற வேலைக்கு, அதாவது கட்டடத்துக்கு வெளியே பெயின்ட் அடிப்பது போன்றவற்றுக்கு, அதற்கென்று பரிசோதித்து விற்கும் கயிற்றை வாங்குங்கள். எங்கள் கடைக் கயிறு வேண்டாம்.

இன்னொன்று: நன்றாக இழுபட்டு நிற்கும் நைலான் கயிற்றுக்கு நேர்க்கோட்டில் நிற்காதீர்கள். அறுந்தால் முனை சாட்டைபோலத் திரும்பி வரும். துறைமுகத்தில் அதனால் கால் போனவர்கள் உண்டு.

முடிச்சுப் போட்டால் பலம் குறையுமா?

குறையும், பாதி வரைகூட. முடிச்சில் கயிறு கூர்மையாக வளைவதால் வெளிப்பக்க நார்கள் மட்டும் பாரத்தைச் சுமக்கும். இரண்டு கயிற்றை நிரந்தரமாக இணைக்க வேண்டுமானால் புரிகளைப் பிரித்து, ஒன்றின் புரியை மற்றதன் புரிகளுக்கு இடையில் மாற்றி மாற்றிச் சொருகிப் பின்னுங்கள். நார்க் கயிற்றுக்கு மூன்று முறை சொருகினால் போதும், வழுக்கும் பிளாஸ்டிக்குக்கு ஐந்து முறையாவது வேண்டும். ஒழுங்காகப் பின்னினால் பத்தில் ஒன்பது பங்கு பலம் நிற்கும்.

கிணற்றில் இறக்கும்போது வாளி ஏன் தானாகச் சுற்றுகிறது?

பாரம் இழுக்கும்போது புரிகள் நேராகப் பார்க்கின்றன, அதனால் கயிறு கொஞ்சம் பிரிகிறது, வாளி சுற்றுகிறது. தரையில் வைத்ததும் திரும்பச் சுற்றும். கயிற்றில் கோளாறு இல்லை.

புதுச் சுருளைப் பிரித்தால் ஒரே சிக்கு. என்ன செய்ய?

வெளிமுனையைப் பிடித்து இழுத்திருப்பீர்கள். சுருளைத் தரையில் படுக்க வைத்து உள்முனையை மேலே எடுங்கள், கயிறு கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் வர வேண்டும். கடிகாரத் திசையில் வந்தால் சுருளைப் புரட்டிப் போடுங்கள். வேலை முடிந்து சுருட்டும்போது கடிகாரத் திசையில்.

பொய் சொல்கிறவனைக் "கயிறு திரிக்கிறான்" என்கிறார்களே?

சின்னச் சின்னத் துண்டுகளை வைத்து நீளமாக ஒன்றை உண்டாக்குவதால் இருக்கும். எங்களுக்கு அதில் வருத்தமில்லை, மணலைக் கயிறாகத் திரிக்கிறவர்களைப் பற்றித்தான் சொல்கிறார்கள்.

கயிறு பழசாகிவிட்டது என்று எப்படித் தெரியும்?

வெளியே பார்க்காதீர்கள். இரண்டு கையாலும் எதிர்முறுக்குக் கொடுத்துப் புரிகளைத் திறந்து உள்ளே பாருங்கள். நார் நிறம் மாறாமல் இருந்தால் சரி. தூள் கொட்டினாலோ, நார்கள் நுனி அறுந்து நின்றாலோ, பழைய வாசனை அடித்தாலோ, பாரத்துக்கு அது வேண்டாம். துணி காயப்போடலாம், வாசலில் மிதியடியாகச் சுருட்டித் தைக்கலாம். படகின் பக்கவாட்டில் தொங்கவிட்டால் கரையில் இடிபடாமல் இன்னும் ஒரு வருஷம் ஓடும்.